மீன் மேல வந்து நிக்கி: குளத்துக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

காலை ஐந்தரை மணிக்கு என் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே சேதிதான். "அண்ணே, மீனெல்லாம் மேல வந்து நிக்கி. என்ன மருந்து போடணும்?" கேட்கிறவர் அதுவரை தண்ணீரில் கைவிட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். குமரி மாவட்டம் கல்குளம் பக்கம் 12 சென்ட் குளத்தில் 14 வருடமாகக் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். எனக்கு வந்த கோளாறும், அக்கம்பக்கத்தில் போய்ப் பார்த்த கோளாறும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு. பத்தில் எட்டுத் தடவை நோவு மீனுக்கு இல்லை, தண்ணீருக்குத்தான்.

மருந்தைக் கடைசியில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மாவட்டத்தில் எந்தக் குளமும் தனிக் குளம் இல்லை. நான் திறந்துவிடுகிற தண்ணீர் தோட்டில் (ஓடையில்) இறங்கி, சானலில் (பாசனக் கால்வாயில்) சேர்ந்து, கீழே யாரோ குளிக்கிற படித்துறைக்கும் வயலுக்கும் போகிறது. சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியவை. அங்கே வந்து இறங்குகிற பறவை தின்பதும் இந்தத் தண்ணீரில் வளர்வதைத்தான்.

கையில் இருக்க வேண்டியவை: தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். தாள் அல்லது அலங்கார மீன் கடையில் கிடைக்கும் சொட்டு கிட், அமோனியா கிட், ஒரு வெப்பமானி, ஒரு சின்ன வீச்சு வலை, கம்பில் ஆணியடித்த வெள்ளைத் தட்டு. தட்டைத் தண்ணீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் கம்பில் பாருங்கள். 30 முதல் 40 செ.மீ. என்றால் சரி. 20-க்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது (கலங்கல் இல்லாத குளத்துக்குத்தான் இந்தக் கணக்கு).

விடியற்காலையில் மீன் மேலே நின்று வாய் பிளக்கிறது

முதலில் ஒன்றும் செய்யாமல் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

*வெயில் ஏறி எட்டு ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டால்:* ஆக்சிஜன் குறைவு. பகலில் ஆக்சிஜன் தருகிற அதே பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். முந்தின நாள் முழுக்க மூடாக்காக (வானம் மேகம் மூடி) இருந்ததா? இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நாலு நாள் சூரியனே தெரியாமல் போகும்போது இது கட்டாயம் வரும். மூடாக்கு இல்லாமலும் வந்தால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

தீவனம். நேற்றுப் போட்ட தவிடும் புண்ணாக்கும் தீவனத் தட்டில் மிச்சம் கிடக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு போதும். 400 மீன், ஒவ்வொன்றும் 300 கிராம் என்றால் மொத்தம் 120 கிலோ. ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்றரை கிலோ. மூடாக்கு நாளில் பாதி. பெருமழையில் ஒன்றுமே வேண்டாம், மீன் பட்டினியால் சாகாது.

சாணம். பச்சைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெள்ளைத் தட்டு 30 செ.மீ. ஆழத்தை எட்டும் முன்பே மறைகிறது என்றால் சாணத்தை நிறுத்துங்கள்.

எண்ணிக்கை. கூட்டுமீன் வளர்ப்பில் சென்ட்டுக்கு 20 முதல் 40 குஞ்சு. "நூறு விட்டா நூறும் வருமே" என்று என்னிடம் கணக்குச் சொன்னவர்கள் உண்டு. அந்த நூறும்தான் விடியற்காலையில் மேலே வந்து நிற்கும்.

அடிச்சேறு. இறங்கி நின்று பாருங்கள். கணுக்காலுக்கு மேல் கறுப்புச் சேறு ஏறி, காலை எடுக்கும்போது குமிழி வந்து அழுகல் முட்டை வாடை அடித்தால் கோளாறு அடியில் இருக்கிறது. அறுவடை முடிந்த பிறகு வற்றவைத்து, சேற்றை வழித்துத் தென்னை மூட்டில் போட்டு, தரை வெடிக்கிற வரை காயவிட வேண்டும். மாசி, பங்குனி வெயில் அதற்குத்தான். நடுவில் கிளறினால் அன்றைக்கே மொத்த மீனும் போய்விடும்.

அந்தக் காலையில் உடனே செய்ய வேண்டியது: குளத்துத் தண்ணீரையே மோட்டாரில் எடுத்து, குழாய் வாயில் ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தைக் கட்டி, பூவாகச் சிதறவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் விடுவதானாலும் உயரத்திலிருந்து விழ வேண்டும். நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. வலை இழுக்காதீர்கள். "சாவதற்குள் பிடித்துவிடலாம்" என்று வலை போட்டுக் கலக்கி, பிழைக்க வேண்டியதையும் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இது வாரம் இரண்டு தடவை வந்தால் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) வாங்குவது பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் மீனின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள், அதில் கையில் காசும் வரும்.

*பகல் முழுக்க மேலேயே நின்றால்:* ஒன்றைப் பிடித்துச் செவுளைத் திறந்து பாருங்கள். நல்ல செவுள் செம்பருத்திச் சிவப்பாக இருக்கும். கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீரில் நைட்ரைட் மிஞ்சிவிட்டது. தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சென்ட்டுக்கு 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாமல் தடுக்கும். செவுள் வெளிறி, சளி மூடியிருந்தால் ஒட்டுண்ணி. அதற்கு நுண்ணோக்கி வேண்டும், மீனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிவப்பும் மாறவில்லை, சளியும் இல்லை என்றால் அமோனியா கிட்டை எடுங்கள். இங்கேதான் நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் கெட்டுப்போச்சு, சுண்ணாம்பு போட்டால் தெளியும் என்று ஒரு மாலை நாலு மணிக்கு நீற்றாத சுண்ணாம்பைக் கரைத்துக் குளம் முழுக்க வீசினேன். பச்சைக் குளத்தில் பகலெல்லாம் பாசி வேலை செய்து பி.எச். மாலையில்தான் உச்சத்தில் நிற்கும். அன்று ஏற்கெனவே 9-ஐத் தொட்டிருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பி.எச். ஒன்று கூடினால், அதே அளவு அமோனியாவில் விஷமான பங்கு பல மடங்காகும். மறுநாள் விடிந்தபோது 43 மீன், எல்லாம் முக்கால் கிலோ. தென்னங்குழியில் புதைத்தேன். அதிலிருந்து காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பி.எச். பார்க்காமல் சுண்ணாம்புச் சாக்கின் வாயை அவிழ்ப்பதில்லை. மீன் இருக்கும்போது போடுவதானால் சுண்ணாம்புக்கல் பொடிதான். நீற்றாத சுண்ணாம்பு காய்ந்த குளத்துக்கு மட்டும்.

ஒரே இரவில் மீன் செத்து மிதக்கிறது

செத்ததைப் பொறுக்கும் முன் ஒரு சுற்று நடந்து, எது செத்தது, எது சாகவில்லை என்று பாருங்கள்.

*பெரிய மீன் செத்துச் சின்னது பிழைத்திருந்தால்:* ஆக்சிஜன். விராலும் கெளுத்தியும் காற்றைக் குடித்துப் பிழைத்திருக்கும். மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

*சின்னது முதலில் செத்து, தவளை, நத்தை, நண்டு, தண்ணீர்ப் பூச்சி எல்லாம் சேர்ந்து கிடந்தால்:* விஷம். மேலே யாராவது வாழைக்குக் குருணை மருந்து வைத்தார்களா, கன்னிப்பூ (முதல் போக நெல்) வயலில் மருந்தடித்துத் தண்ணீரை வடித்தார்களா என்று விசாரியுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், அடுத்த தடவை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு நாள் மடையை அடைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இப்படிப் பேசியே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வேண்டுமென்றே யாரோ கலக்கியதாகத் தோன்றினால் எதையும் கழுவாமல், திறந்துவிடாமல் இருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, அங்கேயே மூடுங்கள். துடித்துக்கொண்டிருக்கும் மீன் இரண்டை ஐஸில் வையுங்கள். ஊதிப்போன மீனில் எந்த ஆய்வகமும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மீன்வளத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றைக்கே போக வேண்டும். செத்த மீனை விற்காதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள், தோட்டில் எறியாதீர்கள்.

மழை பெய்த மறுநாள் மீன் சோர்ந்து கரை ஒதுங்குகிறது

நம் மண் செம்மண், சரளை, புளிப்பு. கோடைக்குப் பிறகு முதல் மழை சரிவிலிருந்து வழித்துக்கொண்டு வரும் தண்ணீரில் பி.எச். 6-க்குக் கீழே போவதைப் பார்த்திருக்கிறேன். மீனுக்கு ஆறரை முதல் எட்டரை வரை வேண்டும்.

தாளில் பார்த்து, குறைவாக இருந்தால் சென்ட்டுக்கு 1 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி. ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள். அடுத்த மழைக்கு முன் கரையின் உட்சரிவிலும் கொஞ்சம் தூவி வையுங்கள், இறங்குகிற தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு வரும்.

தாளில் 5-க்குக் கீழே காட்டி, ஒரு பக்கத்து மீன் மட்டும் ஒதுங்கினால் மேலே ரப்பர் கொட்டகை இருக்கிறதா என்று பாருங்கள். பாலை உறையவைக்க ஊற்றுகிற ஆசிட்டும் ஷீட்டு அடிக்கும்போது வடிகிற தண்ணீரும் அப்படியே ஓடையில் விழும். அந்தத் தண்ணீர் புளித்த வாடையோடு, வெள்ளை நுரை கட்டி வரும். ஒரு தடவை முகர்ந்தால் பிறகு மறக்காது. நிரந்தர வழி ஒன்றுதான்: கரையைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குச் சால் வெட்டி, மேட்டுத் தண்ணீர் குளத்தில் இறங்காமல் திருப்புவது. ஆனால் சால் அதைத் தோட்டுக்குத்தான் கொண்டுபோகும். கொட்டகைக்காரர் ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்புக்கல் போட்டுத் தண்ணீரைத் தேக்கிவிட்டால் உங்களுக்கும் நல்லது, தோட்டுக்கும் நல்லது. எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு அந்தக் குழியை நானே கூட நின்று வெட்டிக்கொடுத்தேன்.

தண்ணீர் நிறம் மாறிவிட்டது

*கட்டன் சாயா நிறம்:* மார்கழி, தையில் ரப்பர் இலை கொட்டும் காலமா? ஊறுகிற இலைதான். அரித்து எடுங்கள், கரையோரம் வலை கட்டுங்கள். கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட குழியிலிருந்து கசிகிறதா என்றும் பாருங்கள். அந்தத் தண்ணீர் வாடையோடு வரும், ஆக்சிஜனையும் தின்னும்.

*காலையில் செங்கல் பொடி தூவியதுபோல் ஆடை:* யூக்ளினா என்கிற நுண்ணுயிர். வைக்கோல் பிரியைக் கயிறாக முறுக்கி, இருவர் இரு கரையில் நின்று இழுத்து மூலையில் ஒதுக்கி வழித்துவிடுங்கள். சாணமும் தீவனமும் பத்து நாள் நிறுத்தம்.

*பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஒரு மூலையில் திரண்டு நாறினால்:* நீலப்பச்சைப் பாசி. துரிசு (மயில்துத்தம், செம்பு உப்பு) போடச் சொல்வார்கள். போடாதீர்கள். பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் அன்றிரவே ஆக்சிஜன் தீரும், செம்பு அடிச்சேற்றில் தங்கும். திரண்டதை வழித்து, தண்ணீரை மாற்றுங்கள். மாடு குடிக்க விடாதீர்கள்.

*பச்சையாக இருந்தது ஒரே நாளில் சாம்பல் நிறமானால்:* பாசி செத்துவிட்டது. அன்றிரவு தூங்காமல் மோட்டாரைத் தயாராக வையுங்கள்.

உடம்பில் புண், அல்லது மீன் கல்லில் உரசிக்கொண்டு துள்ளுகிறது

துள்ளுகிற மீனை, பெரும்பாலும் ரோகுதான், பிடித்துத் துடுப்பு மூட்டைப் பாருங்கள். பச்சரிசி அளவில், கண்ணாடி போன்ற தட்டையான பூச்சி நகர்ந்தால் மீன் பேன். ஒட்டிக்கொண்ட நூல் துண்டு போலிருந்தால் நங்கூரப் புழு.

பேனுக்கு என்னுடைய வழி பழைய பலகைதான். பேன் முட்டையை மீன்மேல் இடாது, கெட்டியான பொருளைத் தேடி ஒட்டும். பத்துப் பன்னிரண்டு மரப்பலகையைக் குளத்தில் அங்கங்கே குத்தி நிறுத்துகிறேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை பிடுங்கினால் அடிப்பக்கத்தில் வரிவரியாக, கடுகைவிடச் சின்னதாக முட்டை ஒட்டியிருக்கும். வெயிலில் காயப்போட்டு, சுரண்டி, மறுபடி குத்துவேன். ஒரு மாதத்தில் பேன் வெகுவாகக் குறையும். கடையில் பூச்சிமருந்து தருவார்கள், இரண்டே நாளில் பேன் போகும். கூடவே இறாலும் நண்டும் மீனுக்குத் தீனியான தண்ணீர்ப் பூச்சியும் போகும், வழிகிற தண்ணீரோடு தோட்டிலும் அதே கதை. பலகைக்கு மசியாவிட்டால், ஆய்வு செய்தவர் அளவு எழுதித் தந்தால் மட்டும், மடையை அடைத்துவிட்டுப் போடுங்கள்.

சிவந்த வட்டப் புண், நடுவில் சதை அரித்துக் குழியாக இருந்தால் அது வேறு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தண்ணீர் குளிரும்போது வரும். விராலுக்கு முதலில், பிறகு மிர்காலுக்கு. ஒரு பூஞ்சை போன்ற கிருமியால் வருவது. இந்தியாவில் 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் முதலில் தலைகாட்டியது. பி.எச். பார்த்துச் சுண்ணாம்புக்கல் பொடி போடுங்கள், வெளி விரால் உள்ளே வரும் வழியை அடையுங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் புவனேசுவரத்து நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சிஃபாக்ஸ் என்கிற மருந்து: ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேருக்கு 1 லிட்டர். 12 சென்ட்டுக்கு ஏறக்குறைய 50 மி.லி. கூடுதல் ஊற்றினால் கூடுதல் குணம் வராது. பத்தில் ஒரு மீனுக்கு மேல் புண் இருந்தால் காத்திருக்காமல் உயிரோடு இரண்டு மூன்றை உறையில் தண்ணீரோடு கட்டி, பறக்கையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்கோ நாகர்கோவில் மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். அதுவரை உங்கள் வலையை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

விட்ட குஞ்சு மூன்று நாளில் காணோம்

குஞ்சு வந்த பிளாஸ்டிக் உறையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுத் திறந்தீர்களா? இல்லையென்றால் காரணம் அதுதான். ஆம் என்றால் கொசுவலையில் ஒரு தொட்டில் கட்டி 20 குஞ்சை ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தொட்டிலுக்குள் செத்தால் தண்ணீர் சரியில்லை. தொட்டிலுக்குள் பிழைத்து வெளியே காணாமல் போனால் உள்ளே விரால் இருக்கிறது.

விராலை ஒழிக்க விஷக்குருணை வேண்டாம். அடுத்த சுற்றுக்கு முன் வற்றவைத்துக் காயவிடுங்கள். வற்றாத குளம் என்றால் சென்ட்டுக்கு 10 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. மூன்று வாரத்தில் விஷம் போய் அதுவே உரமாகும். அந்த மூன்று வாரமும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக் கூடாது.

தின்கிறது, வளரவில்லை

மாதம் ஒரு தடவை வீச்சு வலையில் 20 மீன் பிடித்து நிறுத்துப் பாருங்கள். வலையில் விரல் நீளச் சிலேப்பி (திலேப்பியா) கூட்டமாக வந்தால் தீவனத்தை யார் தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சானல் தண்ணீர் விடும் வாயில் கொசுவலைத் துணி கட்டாததன் பலன். சிலேப்பி வரவில்லை என்றால் புண்ணாக்கை உடைத்து முகருங்கள். பூசணம் வாடை அடித்தால் மாற்றுங்கள். அதுவும் இல்லை என்றால் குஞ்சு வாங்கிய இடத்தை மாற்றிப் பாருங்கள்.

பெருமழைக்குப் பிறகு மீன் குறைந்துவிட்டது

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். காற்று ரப்பரையும் வாழையையும் சாய்த்தது, தண்ணீர் என் கரைக்கு மேலே போனது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாதிக் குளம் காலி. தப்பு புயலினுடையது மட்டும் இல்லை. வடிகாலில் வலையை நெட்டுக்குத்தாகக் கட்டியிருந்தேன். இலை வந்து அப்பி, வலை சுவராகிவிட்டது. தண்ணீர் வேறு வழி தேடிக் கரையை அறுத்தது.

இப்போது வடிகால் மூன்றடி அகலம், வலை 45 பாகை சாய்வு. இலை வழுக்கி மேலே ஏறும், தண்ணீர் கீழே போகும். அதற்குப் பின்னால் இன்னும் சின்னக் கண் வலை ஒன்று. மழை நாளில் ராத்திரி ஒரு தடவையாவது டார்ச்சோடு போய் இலையை வாருகிறேன். கரையில் நண்டு வளை கண்டால் களிமண் திணித்து மிதியுங்கள். தண்ணீர் மழையில்லாமலே ஒரு சாண் இறங்கினாலும், கரையின் வெளிப்பக்கம் ஈரம் கண்டாலும் மண்வெட்டியை வைத்துவிட்டு, குளம் வெட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

கிஃப்ட் (வளர்ப்புக்காக மேம்படுத்திய ரகம்) திலேப்பியா வளர்ப்பவருக்கு இந்தச் சாய்வு வலை விருப்பம் அல்ல, கட்டாயம். மீன்வளத் துறையின் அனுமதியும் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ நாட்டில் வளர்க்கவே தடை செய்யப்பட்டது. தோட்டில் இறங்கிவிட்டால் அயிரை, கயல் என்று எதையும் விட்டுவைக்காது, திரும்பப் பிடிக்கவும் முடியாது. உங்கள் வலையில் நாலு ஜோடி மீசையோடு, முதுகுத் துடுப்பு வால் வரை நீண்ட பெரிய கெளுத்தி மாட்டினால், நாட்டுக் கெளுத்திதானா என்ற சந்தேகம் தீரும்வரை அதைத் தண்ணீரில் திருப்பி விடாமல் ஒரு அண்டாவில் போட்டு மூடி வைத்து, மீன்வளத் துறைக்குப் போன் பண்ணுங்கள். மூடியின்மேல் ஒரு கல்லும் வையுங்கள், துள்ளி வெளியே வந்து ஈரத் தரையில் ஊர்ந்தே போய்விடும்.